பேஸ் கிடாருக்கு வைத்த சந்தனம்

எனக்கு எண்பத்திரண்டு வயது ஆகிறது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். பேத்தியையும் சேர்த்தால் நான்கு. சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், அதனால் நான்கு. என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்விட்டார். ஆகவே வளர்த்தது நான்தான். இதில் வேறு யாரும் பங்குக்கு வர முடியாது.

படித்தது இரண்டாம் வகுப்பு. கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் வாசிப்பேன். எழுதுவது மெதுவாகத்தான் வரும். பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன்.

எழுத வைத்தது அவள்தான். போன வாரம் அவள் அம்மாவின் பேஸ் கிடாரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆயா, இது அப்பாவோடதுதானே?"

"ஆமா."

"அப்போ இதுல வர்ற சத்தம் அப்பாவோட சத்தமா?"

"இல்ல. அவன் போனப்புறம் இதுல பிக்கப்பை மாத்தியாச்சு."

"யாரு மாத்தச் சொன்னது?"

"நான்தான்."

"ஏன் ஆயா?"

அடுப்பில் பால் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அவளும் அதைக் கவனித்திருப்பாள். அவள் அப்பா போனபோது அவளுக்கு நடக்கத் தெரியும், பேச அவ்வளவாகத் தெரியாது. கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேஸ் கிடாருக்கு நான்கு கம்பி. மற்றக் கிடார் போல மேலே நின்று பாடாது. அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்கிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும், என்னவோ குறைகிறதே என்பார்கள். என் மகன் போயும் போயும் அதைப் பிடித்தான்.

"பாடறவனா ஆவக் கூடாதாடா? நாலு பேரு மூஞ்சியைப் பாப்பாங்களே" என்றேன்.

"எல்லாரும் மேல நின்னா கீழ யாரும்மா நிக்கறது?" என்றான்.

எண்பதுகளின் கடைசியில், சேலையூர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த நிலம் எல்லாம் மனையாகிவிட்டது. மாடு மேய இடமில்லை. மாடுகளை விற்றேன். விற்ற கையோடு அவனுக்கு அந்தக் கிடாரை வாங்கிக் கொடுத்தேன். கொட்டகை காலியாகக் கிடந்தது. அவனும் அவனுடைய மெல்லிசைக் குழுவும் அங்கேயே பாடிப் பழகினார்கள். மாடு கட்டின இரும்பு வளையத்தில் ஒயரைச் சுற்றி மாட்டுவார்கள். புதிதாக வீடு கட்டி வந்த காலனிக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, "மாடே தேவலாம் போலிருக்கே" என்றார்.

"மாடு இருந்தப்போ நாத்தம்னு சொன்னீங்க. இப்போ சத்தம்ங்கறீங்க. எங்க வூட்டுல எதுதான் சார் உங்களுக்குப் புடிக்கும்?" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் எல்லாக் கருவியும் வரிசைக்கு வரும். அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மணை, பால் அளந்த படி, மகனுடைய வண்டி, கடைசியில் இந்தக் கிடார். நான்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பேன். அதன்மேல் குங்குமம். எந்தக் கருவிக்கும் அதற்கு உயிர் எது என்று பார்த்து அங்கே வைப்பது எங்கள் வழக்கம். அரிவாளுக்குப் பிடியில் வைக்க மாட்டோம், அலகில்தான் வைப்போம்.

"இதுக்கு உசுரு எங்கடா கீது?" என்று முதல் வருஷம் கேட்டேன்.

கம்பிகளுக்கு அடியில், கட்டையில் பதித்து, கறுப்பாக இரண்டு பட்டைகள் இருந்தன. அவற்றைத் தொட்டுக் காட்டினான். "இதும்மா. பிக்கப்னு சொல்வாங்க. கம்பி ஆடறதை இதுதான் கேட்டு, ஒயர் வழியா ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொல்லும். இது இல்லேன்னா வெறும் பலகைதான்."

அப்படியானால் பொட்டு அங்கேதான். இரண்டு பட்டைக்கும் குளிரக் குளிர வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். மறுநாள் மேலே ஒட்டியிருந்ததைத் துடைத்தான். இடுக்கில் இறங்கினதை அப்படியே விட்டுவிட்டான். வருஷா வருஷம் இதேதான் நடந்தது.

அவன் வாசிப்பது எனக்கு எங்கிருந்தாலும் தெரியும். கல்யாண மண்டபத்துத் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிடும். மற்றவர்கள் பேஸ் வாசித்தால் உருண்டையாக, வழவழ என்று வரும். அவனுடையது அப்படி இருக்காது. சளி பிடித்தவன் தொண்டையை அடக்கிக்கொண்டு பேசுவது போல, அடைத்து, அழுத்தி வரும். அதுதான் அவன் கை என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமைதான். யாரிடமும் சொன்னதில்லை.

சிட்லபாக்கத்தில் பெண் எடுத்தோம். ஆபீஸ் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண், சின்ன வயதில் வீணை கற்றவள். வந்த புதிதில் அவன் வாசிக்கும்போது கொட்டகை வாசலில் நின்று அவன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அதுல இன்னாம்மா பாக்கற? ஆளைப் பாரு" என்பேன். வெட்கப்பட்டு உள்ளே போவாள், மறுபடி வந்து நிற்பாள். பேத்தி பிறந்தாள்.

பிறகு ஒரு தை மாதம். பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கச்சேரி. முடிந்து, கருவிகளெல்லாம் குழுவின் வேனில் வந்தன. அவன் தன் வண்டியில் வந்தான். ஜி.எஸ்.டி. ரோடு. லாரி. அதற்கு மேல் இதில் எழுத எதுவும் இல்லை.

காலையில் வேன் வந்து வாசலில் நின்றது. பையன்கள் கிடார் பெட்டியை இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "எப்பவும் வெக்கற எடத்துலயே வைங்கடா. காபி போடறேன்" என்றேன். போட்டும் கொடுத்தேன். அன்றைக்குச் சர்க்கரை சரியாக இருந்தது என்று அதில் ஒருவன் ரொம்ப நாள் கழித்துச் சொன்னான்.

கடைவாய்ப் பல் பிடுங்க ஒருமுறை ஊசி போட்டார்கள். கன்னத்தைத் தொட்டால் அது யாரோ ஒருத்தியின் கன்னம் மாதிரி இருந்தது. அந்த வருஷம் முழுக்க எனக்கு உடம்பே அப்படித்தான் இருந்தது. சமைத்தேன். குழந்தையைக் குளிப்பாட்டினேன். வாடகைக்கு இருந்தவர்கள் தண்ணீர் வரவில்லை என்றால் போய்ப் பார்த்தேன். அழவில்லை. வந்தவர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் குழுவின் கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு நாள் மருமகள் அதைப் போட்டாள். பாட்டுக்காரர் குரல் கேட்டது, தபேலா கேட்டது. அவன் கேட்கவே இல்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு கீழே இறங்கின சத்தம் எட்டவில்லை. இரண்டு பேரும் கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவன் சத்தம் உலகத்தில் மிச்சம் இருக்கிறது என்றால், அது அந்தக் கிடாருக்குள்தான் இருக்கிறது.

சாவு நடந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பண்டிகை இல்லை. அந்த ஆயுத பூஜைக்கு எதற்கும் பொட்டு வைக்கவில்லை. வருஷம் திரும்பி, திதி கொடுத்து முடித்து, சில நாள் கழித்து ஒரு மத்தியானம் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. அதே அடைத்த தொண்டை. ஆனால் மெதுவாக, காய்ச்சலில் படுத்திருப்பவன் பேசுவது போல. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மருமகள்தான் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. மிச்சக் கல்லையும் பொறுக்கி முடித்தேன்.

குழுவை நடத்தின கீபோர்டுக்காரப் பையனுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. வந்தான். "அம்மா, இத்தினி நாளா வெளியாளை வெச்சு ஓட்டிக்கினு இருக்கோம். அண்ணி வாசிக்கறாங்கன்னா எங்களுக்கு அதைவிட இன்னா வேணும்? எங்க ஆளு எடம், எங்க வூட்லயே இருக்கட்டும்" என்றான். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "அவளைக் கேளு. வாசிக்கப் போறது அவ" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த வருஷத்தில் அவள் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

மறுபடி கொட்டகையில் பாட்டு. ஆனால் அவள் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.

"அண்ணி, கொஞ்சம் சத்தமா."

"சத்தமாத்தான் வாசிக்கறேன்."

"பெட்டியில ஏத்தேண்டா" என்று நான் வாசலிலிருந்து சொன்னேன்.

"ஏத்துனா இரையுதும்மா. பலாப்பழத்துல ஈ மொய்க்கற மாதிரி கீது. பிக்கப்பு சரியில்ல. புதுசு வாங்கி மாத்திடலாம். அண்ணி வீணைக் கை, மெத்துனு வாசிக்கறாங்க. இந்தப் பிக்கப்பு அதைப் புடிக்காது. வர்ற ஆவணியில பெருங்களத்தூர்ல ஒரு ரிசப்ஷன் ஒத்துக்கினு இருக்கேன். அதுக்குள்ள சத்தம் வரலேன்னா நான் வேற ஆளைத்தாம்மா வெக்கணும். அண்ணியாச்சேன்னு பாத்தா என் பேரு கெட்டுடும்."

"நான் வாங்குன கிடாரு. நான் சொல்லாம அதுல ஒரு ஆணியைக் கழட்டக் கூடாது" என்றேன். காரணம் சொல்லவில்லை. வாசல் கேட்டை அவர்களுக்கு முன்னால் போய்த் திறந்துவிட்டேன்.

மருமகள், "சரிங்க அத்தே" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவள் அடித்து வாசிக்க ஆரம்பித்தாள். குழந்தை தூங்கினதும் கொட்டகைக்குப் போய்விடுவாள். பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் மேலே போனால் கொட்டகைக் கூரை அதிரும். அந்தச் சத்தம் அடங்கினால் அடியில் இவள் அடிப்பது கேட்கும். நாளுக்கு நாள் அது அவனை நெருங்கி வந்தது. நான் அடுக்களையில் நின்று கேட்பேன். பிடித்திருந்ததா, இல்லையா? தெரியவில்லை. கேட்பேன், அவ்வளவுதான்.

கடைசியில் கீபோர்டுக்காரனே ஒரு வழி சொன்னான். மாற்ற வேண்டாம், திறந்து சுத்தமாவது பண்ணிப் பார்க்கலாம், மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரிப்பேர்காரர் இருக்கிறார் என்று. நானும் வருவேன் என்றேன். கேம்ப் ரோட்டில் பஸ் ஏறினோம், நானும் மருமகளும். கிடாரை எங்கள் இரண்டு பேர் மடியிலும் குறுக்கே போட்டுக்கொண்டோம்.

"இன்னாக்கா இது இவ்ளோ நீட்டு? மடியில வெக்க இது இன்னா கொழந்தையா?" என்றார் கண்டக்டர்.

"கொழந்தைதான். எங்க வூட்டுது. நீ விசில் ஊது" என்றேன். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரிப்பேர்காரர் கடை மாடியில் இருந்தது. டேப் ரிக்கார்டர்கள் வயிற்றைத் திறந்தபடி சுற்றிலும் கிடந்தன. கம்பிகளைத் தளர்த்தி, கறுப்புப் பட்டையின் மூடியை நெம்பி எடுத்தார். எடுத்ததும் மூக்கை அருகில் கொண்டுபோனார்.

"இன்னாமா இது? பிக்கப்பைத் தொறந்தா சாமி ரூம் வாசனை வருது. உள்ள ஒரு கோயிலே கட்டி வெச்சுக்கீறீங்க?"

பார்த்தேன். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. அதன்மேல் பச்சைப் பச்சையாகக் களிம்பு. நடுவில் மஞ்சளாக என் சந்தனம் காய்ந்து, அப்பளம் போல வெடித்துக் கிடந்தது. குங்குமம் கறுத்திருந்தது.

"ஆயுத பூஜைக்கு வெச்சது" என்றேன்.

"அது சரி. லேத்து மெஷினுக்கு வெக்கலாம், லாரிக்கு வெக்கலாம். இது உள்ள இறங்கி ஈரமாயி கம்பியைத் தின்னுடுச்சு. இதோ, இது ஒண்ணு செத்துப் போயி ரொம்ப நாள் ஆவுது. இன்னொண்ணுக்குப் பாதி உசுருதான். இதை வெச்சுக்கினு ஒருத்தரு மேடையில வாசிச்சாரா?"

"வாசிச்சாரு" என்றாள் மருமகள்.

அவர் கிடாரைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினார். கம்பிக்கு அடியில் ஓரிடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது. "இங்க பாரு. விரலு பட்டே தேஞ்சிருக்கு. அந்த அடி அடிச்சாத்தான் இதுல சத்தம் வரும். மனுஷன் தெம்பான ஆளுதான்."

அடைத்த தொண்டை என்று நான் அடையாளம் வைத்திருந்தது, செத்த பிக்கப்பின் சத்தம். அவன் கை என்று நினைத்திருந்தது, பாதி என் சந்தனம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"மாத்தறதா? சொல்லும்மா" என்றார்.

"மூடிக் குடுங்க" என்றேன். அப்படியே கொண்டுவந்துவிட்டோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் மருமகள் கிடாரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கடைசி ரெண்டு வருஷமா அவருக்கு விரல் வெடிச்சு வெடிச்சுப் போகும் அத்தே. துணி சுத்திக்கிட்டு வாசிப்பாரு. அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாரு."

அவன் கச்சேரிக்குப் போய்வந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், "நீயே பிசைஞ்சு உருட்டிக் குடும்மா" என்பான். "பொண்டாட்டி பாத்துக்கினு கீறா, வெக்கமா இல்லையாடா?" என்று திட்டிக்கொண்டே உருட்டிப் போடுவேன். செல்லம் கொஞ்சுகிறான் என்று நினைத்தேன். செல்லமும்தான். அந்த விரலை வைத்துக்கொண்டு காரக் குழம்பைப் பிசைய முடியாது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் சமையலுக்கு மருமகள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை விட்டவள் சட்டென்று வெளியே எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விட்டாள். போய்க் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் பிளந்து சிவப்பாக இருந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் அத்தே. தோல் கெட்டியாயிட்டா சரியாயிடும்."

"சரியாயிடும்னு யாரு சொன்னது?"

புளியை நான் கரைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டை எடுத்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்து வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு சாப்பிட்டாள். குழந்தை எனக்கும் உருட்டு என்று வந்தது, அதற்கும் உருட்டினேன். உருட்டிக்கொண்டே, "அந்தப் பிக்கப்பை மாத்திடு" என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "அத்தே, நான் அடிச்சு வாசிச்சா அவரு மாதிரியே வருது. நீங்க அடுக்களையில நின்னு கேப்பீங்க. எனக்குத் தெரியும்."

"வருது. அதான் மாத்துன்னு சொல்றேன். சாப்பிடு."

அடுப்பு பர்னரை மாற்று என்று சொல்வது போலத்தான் என் குரல் இருந்தது. அந்த நேரத்தில் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கையில் சோறு சூடாக இருந்தது. அது தெரிந்தது.

அவளும் கீபோர்டுக்காரனும் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். பழசு இரண்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். "உள்ள இருக்கிற காந்தம் அந்த ரிப்பேர்காரருக்கு உதவுமாம். நமக்கு வேணாம்னா குடுங்கன்னாரு. உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்" என்றாள். "நமக்கு எதுக்கு? குடுத்துடு" என்றேன். பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. இப்போது நினைத்தால், ஒன்றையாவது வைத்திருக்கலாம். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டார், கொடுத்தாயிற்று.

ஆவணியில் பெருங்களத்தூர் ரிசப்ஷனுக்கு நானும் போனேன். தெருமுனையில் இறங்கிப் பழக்கத்தில் நின்று கேட்டேன். பேஸ் நன்றாகக் கேட்டது. உருண்டையாக, வழவழ என்று, எல்லா பேஸ் கிடார் மாதிரியும். எங்கள் குழுதானா என்று போர்டைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். மேடையில் மருமகள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, மெத்தென்று வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் தடவுவது போலத்தான் இருந்தது. அதற்கு அவ்வளவு சத்தம் வந்தது.

பக்கத்து நாற்காலிக்கார அம்மாள் என் பக்கம் சாய்ந்தார். "பொம்பளப் புள்ள அதை வாசிக்குதே! யாரு வூட்டுப் பொண்ணு?"

"என் வூட்டுப் பொண்ணு."

"புருஷன் இன்னா பண்றாரு?"

"ஐஸ்கிரீம் வருது பாருங்க, வாங்கிக்குங்க" என்றேன்.

நான் உட்கார்ந்திருந்தது இரும்பு நாற்காலி. அவள் அடிக்கிற ஒவ்வொன்றும் அதன் கையில் வந்து அதிர்ந்தது. உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். அதிர்வு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடியும் வரை கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

கீபோர்டுக்காரன் வேறு ஆளைத் தேடவில்லை. அவள் அந்தக் குழுவிலேயே வாசித்தாள். இப்போதும் கூப்பிட்டால் போகிறாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். கிண்ணத்தோடு நான் கிடார் பக்கம் வந்ததும் மருமகள் அதைத் திருப்பி, முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். "இங்க வைங்க அத்தே."

"உசுரு முன்பக்கம் இல்ல கீது?"

"இருக்கட்டும். நீங்க இங்கயே வைங்க."

வைத்தேன். இன்று வரை முதுகில்தான் வைக்கிறேன்.

ஏன் மாற்றச் சொன்னேன் என்று கேட்டாயே கண்ணு, இதுதான். உன் அப்பா விரலை நான் பார்க்கவில்லை. உன் அம்மா விரலைப் பார்த்தேன். அவன் சத்தம் வேண்டும் என்றால் இவள் விரல் வெடிக்க வேண்டும் என்று இருந்தது. சரியாகச் செய்தேனா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவன் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லிக் காட்ட எனக்கு வரவில்லை. சளி பிடித்த தொண்டை என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் தெரியவில்லை.

என் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேட வேண்டாம். நீ இதை முதலிலிருந்து வாசி. கொஞ்சம் சத்தமாக வாசி, உன் அம்மா உள்ளேதான் இருக்கிறாள். வேன் வந்து நின்ற இடத்தில் மட்டும் நிறுத்தாதே. நீ அங்கே நிறுத்தினால் நான் காபி போட எழுந்து போய்விடுவேன்.